விடு பிழை

வணிகவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு பரிவர்த்தனை ஏட்டில் ஏறாமலே விடுபட்டுப்போனால், இருப்பாய்வு அதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் அழகாக டேலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு! இதற்குப் பெயர் விடு பிழை.

அணு இயற்பியலிலும் அப்படி ஒரு விடு பிழை நடந்தது.

அணுக்கருவில் நியூட்ரான் மோதினால் தெறித்து ஓடலாம், விழுங்கப்படலாம், கருவே உடையலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு பரப்பளவாகச் சொல்வார்கள். குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். கோலி பெரிதாக இருந்தால் அடிபட வாய்ப்பு அதிகம் இல்லையா, அது மாதிரி. இதன் அலகு 'பார்ன்', அதாவது தானியக் கொட்டகை! 1942-ல் பர்டியூ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இருவர் விளையாட்டாக வைத்த பெயர்.

ஆனால் 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் நடந்தது விளையாட்டு இல்லை. அமெரிக்காவின் 'காசில் பிராவோ' ஹைட்ரஜன் குண்டு சோதனை. எதிர்பார்த்தது 6 மெகாடன். வெடித்தது 15 மெகாடன்.

காரணம் லித்தியம்-7. எரிபொருளில் இருந்த லித்தியத்தில் சுமார் 60 சதவீதம் அதுதான். சும்மா கிடக்கும் சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். வேகமான நியூட்ரான் மோதினால் அதுவும் டிரிட்டியம் தரும் என்பது கணக்கில் ஏறவே இல்லை.

ரோங்கெலாப் தீவில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே இருந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலில் 23 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதன் வானொலி ஊழியர் குபோயாமா அதே செப்டம்பரில் இறந்தார். காற்று திசைமாறியது, தீவு மக்களை முன்கூட்டியே வெளியேற்றாதது என்று வேறு தவறுகளும் சேர்ந்தன. ஆனால் முதல் தவறு அந்த விடுபட்ட எண்தான்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 2001 முதல் இப்படிப்பட்ட எண்களை அளந்து வருகிறார்கள். ஈயக் கட்டியில் புரோட்டான்களை மோதவிட்டு நியூட்ரான்களை உதிர்க்கிறார்கள். சுமார் 185 மீட்டர் ஓட்டம். வேகமானது முதலில் வரும். வந்துசேர்ந்த நேரத்திலிருந்து அதன் ஆற்றல் தெரிந்துவிடும். அந்தந்த ஆற்றலில் என்ன வினை, எவ்வளவு பார்ன் என்று பதிகிறார்கள். அணு உலைகளின் சிமுலேஷன்களுக்கு இந்த எண்கள்தான் தீனி.

கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், கொடுக்காத எண்ணை அது கேட்டு வாங்காது. டேலி ஆகிவிட்டது என்று காட்டிவிட்டுப் போய்விடும். யாராவது பொறுமையாக உட்கார்ந்து அளந்துதான் ஆகவேண்டும்...