ஒரு கூச்சத்தின் பிறந்த தேதி

பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி அலையும் சவரக் கருவிகளில் ஒன்று ‘மிலேடி டெகொலெட்டே’. பெண்களுக்கென்றே ஜில்லெட் நிறுவனம் 1915இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த, தங்கமுலாம் பூசிய பாதுகாப்பு ரேசர். இதன் பூர்வீகத்தை நான் தேடிப் போனது ஒரு கூச்சத்தின் வயதைத் தெரிந்துகொள்ளத்தான்.

கருவியில் பெரிய புதுமை இல்லை. மழுங்கினால் தூக்கியெறியும் மெல்லிய பிளேடு கொண்ட ஆண்களின் ரேசருக்கு கிங் கேம்ப் ஜில்லெட் 1904லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வாங்கும் ஆண்களுக்குத் தாடி இருந்தது. பெண்களை வாங்கவைக்க முதலில் ஒரு குறையை உண்டாக்க வேண்டியிருந்தது.

கையில்லாத கவுன்கள் நாகரிகமாகி வந்த காலம் அது. அக்குள் மயிரைச் சங்கடமான அந்தரங்கப் பிரச்சினை என்றது விளம்பரம். ஆனால், ஆண்களுக்குச் சொல்லும் ‘ஷேவ்’ என்ற சொல்லைப் பெண்களிடம் தவிர்த்து, வழவழப்பைப் பற்றி மட்டும் பேசியது.

தமிழ் கற்பிப்பவள் என்பதால் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ‘மயிர்’ சங்கப் பாடல்களில் இயல்பாகப் புழங்கிய சொல். இன்று அது வசை. வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரிக்கிறார்கள். பெயர் சொல்லக் கூசும் உறுப்பை, பிறகு பார்க்கவும் கூசுகிறோம்.

மழிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். கையைத் தூக்கிக் கேள்வி கேட்கத் தயங்கும் மாணவிகளிடம் மட்டும் சொல்கிறேன்: முதலில் அந்தத் தயக்கத்தைக் கேளுங்கள், உன்னால் யாருக்கு லாபம் என்று.