நூற்றுக்கு எத்தனை?

திங்கள்

மூணாறு பக்கத்தில் மாட்டுப்பட்டி தேயிலை எஸ்டேட் லயத்தில் எட்டாம் வகுப்பு மகளின் நோட்டில் இன்று வகுப்பில் கொடுத்த கணக்கு இது: ஒரு பொருளின் விலை 10 சதவீதம் ஏறுகிறது, பிறகு 10 சதவீதம் இறங்குகிறது, இப்போது விலை என்ன? பழைய விலையேதான் என்று மகள் எழுதினாள். விடை தப்பு என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏன் தப்பு என்பதை வீட்டில் யோசித்து வரவேண்டும்.

அம்மா கொழுந்தெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. "எனக்கு எங்க பாப்பா கணக்கு வரும்? மாமா வந்தா கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

செவ்வாய்

"எனக்குக் கணக்கு வராது" என்று வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சுக்குப் பிள்ளையின் படிப்போடு சம்பந்தம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், வருட முடிவில் பிள்ளைகள் கணக்கைக் குறைவாகக் கற்றிருந்தார்கள், பயம் கூடியிருந்தது. அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

அப்படியென்றால் அம்மா ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா? இல்லை. முதலில் தீரவேண்டியது அவருடைய பயம். அதைத் தீர்க்க அவருக்கு ஏற்கெனவே கைவந்த கணக்கு ஒன்று வேண்டும்.

புதன்

அந்தக் கணக்கு தோட்டத்திலேயே இருக்கிறது. எடை போடும் இடத்தில் தராசு காட்டும் கிலோவிலிருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக நிற்கும் எடையை அம்மா மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். மாதக் கடைசியில் பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தையும் தாளில்லாமல் சொல்வார்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் மூன்று ஆய்வாளர்கள், சந்தையில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரிடம் இப்படிப்பட்ட மனக்கணக்கைச் சோதித்து 1985இல் எழுதினார்கள். வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதமே சரி. தேங்காய் ஒன்று 35 குரூசேரோ, பத்துக்கு எவ்வளவு என்று ஒரு பையனைக் கேட்டார்கள். பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்க்கும் பள்ளி வழியை அவன் எடுக்கவில்லை. மூன்று காய்க்கு 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350 என்றான். வழி நீளம், விடை சரி.

இன்று இரவு மகள் அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டாள்: "நூறு ரூபாச் சாமான் பத்து ரூபா ஏறுச்சு. அப்புறம் நூத்துக்குப் பத்து தள்ளுபடின்னா எம்புட்டும்மா?"

"நூத்திப் பத்துல தள்ளுறதா? அப்ப பதினொண்ணு போகும். தொண்ணூத்தொம்பது."

ஏறியது நூற்றின் மேல், இறங்கியது நூற்றுப்பத்தின் மேல். டீச்சர் கேட்ட காரணம் அதுதான்.

வியாழன்

சதவீதம் இந்த மலைக்குப் புதிதல்ல. 2015 செப்டம்பரில் மூணாறு வீதிகளில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்ததே ஒரு சதவீதத்துக்காகத்தான். 10 சதவீத போனஸ் போதாது, 20 வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டுக் கேட்டது பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அமைப்பு. ஒன்பது நாள் போராட்டம் முடிந்தபோது கிடைத்தது 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையும். கூட்டினால் சரியாக 20. அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தார்.

"எட்டே முக்கால், ஒம்பதுன்னு இல்லாம அதென்ன 8.33?" என்று மகள் கேட்டாள். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டப்படி அப்போது குறைந்தபட்ச போனஸ் அது. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.33. வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அம்மா அதை எப்போதும் மாதச் சம்பளமாகவே நினைவில் வைத்திருந்தார். மகள் தாளில் வகுத்துப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

வெள்ளி

இன்றைய கணக்கை அம்மாவே எடுத்துக் கொடுத்தார். 2015 அக்டோபர் ஒப்பந்தத்தில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஏற்றம் 69 ரூபாய். 232இல் அது 29.7 சதவீதம். "கிட்டத்தட்ட முப்பது!" என்றாள் மகள்.

"கொழுந்தையும் சேர்த்துப் போடு" என்றார் அம்மா. அதே ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய அடிப்படை அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. அது 19 சதவீத ஏற்றம். 232ஐ 21ஆல் வகுத்தால் கிலோவுக்கு 11 ரூபாய் 5 பைசா. 301ஐ 25ஆல் வகுத்தால் 12 ரூபாய் 4 பைசா. அடிப்படைக் கிலோவுக்கு ஏறிய கூலி ஒன்பது சதவீதம்தான்.

மகள் நம்பாமல் மறுபடியும் வகுத்தாள். இரண்டாம் முறையும் ஒன்பதே வந்தது. முப்பதும் பொய்யில்லை, ஒன்பதும் பொய்யில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். புத்தகத்துக் கணக்கைவிட இந்தக் கணக்கில் அவள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சனி

கோயம்புத்தூரில் படிக்கும் மாமா போனில் வந்தார். வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். கும்பகோணத்தில் சிறுவன் ராமானுஜனுக்கு, வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களே கணக்குத் துணை. அமெரிக்காவில் சல்மான் கான் 2004இல் வேறு ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்கு அளவை மாற்றும் கணக்கைப் போனில் விளக்கினார். இணையத்தில் பாடம் சொல்லும் கான் அகாடமி பிறந்தது அதிலிருந்துதான்.

மாமா விடையைச் சொல்லவில்லை. "நீ எப்படிப் போட்ட, அதை மொதல்ல சொல்லு" என்றார்.

ஞாயிறு

அடுத்த பாடம் கூட்டு வட்டி. அம்மா குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் கடன் பாஸ்புக்கை எடுத்து வந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல வட்டிக்கு வட்டி போடுறாங்களா, இல்ல அசலுக்கு மட்டுந்தானா? பார்த்துச் சொல்லு பாப்பா, அடுத்த கூட்டத்துல கேட்கணும்."