தாம்பரத்திலிருந்து பவளத் தீவுகளுக்கு

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நமது பங்கின் இளைஞர் நால்வர் குருமனைத் திண்ணையில் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக் காத்திருந்தனர். சோழிங்கநல்லூர் அலுவலகங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அந்தமானுக்கு விமானம் ஏறி, கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காண வேண்டுமாம். ஆசை நல்லதே. ஆயினும், "நம் வீட்டுத் தோட்டத்தை எட்டியும் பாராமல் தூரத்துப் பூங்காவிற்கு ஏன் விரைகிறீர்கள்?" என்று கேட்டோம்.

மன்னார் வளைகுடாவைத்தான் சொன்னோம். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே தீவுகள் மாலைபோல் கோத்துக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கடல் 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே செல்ல விமானமும் வேண்டாம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோதே தாம்பரம் - இராமேசுவரம் விரைவு ரயிலும் தொடங்கியது. மாலையில் நமது நிலையத்தில் ஏறினால் விடியும் வேளையில் கடலைக் கடக்கலாம்.

"ஃபாதர், அங்கே பவளம் செத்துக்கொண்டிருக்கிறதாமே? வெளுத்த பாறையைக் காணவா போவது?" என்றார் ஓர் இளைஞர்.

நியாயமான கேள்விதான். பவளப்பாறை வெறுங்கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கட்டிய குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் தங்கி, உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த உறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இத்துன்பத்தைக் கண்டது.

அப்போது அருகில் நின்ற முதியவர் ஒருவர் பேசினார். தூத்துக்குடிக் கரையில் பிறந்து, பிழைப்புக்காகத் தாம்பரம் வந்து சேர்ந்தவர். "சாமி, இளவயதில் வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் அந்தக் கல்லை உடைத்து ஏற்றியிருக்கிறேன். சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுப்போம். அதற்கு உயிர் உண்டு என்று அன்று யாரும் சொல்லவில்லை. கண்மூடுமுன் அதை உயிரோடு ஒருமுறை பார்க்க வேண்டும்."

இளைஞர்கள் மௌனமாயினர். விளாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் கடலுள் மறைந்ததற்கு, அரணாக நின்ற பாறைகளை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம் என்பர். 2001-இல்தான் பவளம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

அவரை மட்டும் குறை கூறலாமா? 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் கோவிற்சுவர்கள் பவளக்கற்களால் ஆனவை. முன்பொருமுறை அச்சுவரில் கைவைத்து நின்றோம். விரலடியில் தேனடைபோல் நுண்துளைகள். அன்று அதன் அழகை மட்டுமே வியந்தோம். ஆண்டவரின் இல்லத்திற்காகக் கடல் கொடுத்த விலையை எண்ணவில்லை. இன்றோ கடப்பாரை இல்லாமலே, நாம் எரிக்கும் எரிபொருள் கடலைச் சூடாக்குகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்த நமக்கு இப்பாடம் புதிதா?

திட்டம் மாறியது. வாடைமழை ஓய்ந்து, கோடைச்சூடு ஏறுமுன், வனத்துறை அனுமதியுடன் படகில் குருசடைத் தீவுக்குச் செல்வோம். கடலில் மூழ்கும் எண்ணத்தை இளைஞர்கள் தாமே கைவிட்டனர். பாறைபோல் திரண்ட பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும்; பழகாத ஒருவரின் கால் பட்டால் பல ஆண்டு வளர்ச்சி நொடியில் நொறுங்கும். மேலும், மூழ்க இயலாத பெரியவரும் உடன் வருகிறார் அல்லவா? சிப்பியோ கல்லோ ஒன்றும் எடுத்து வரோம். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பவளப்பாறைகளின் அழிவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. படைப்பின் வரலாற்றை விவிலியத்தில் மீண்டும் படித்துப் பாருங்கள். கடல்வாழ் உயிர்கள் ஐந்தாம் நாளிலேயே ஆசி பெற்றுவிட்டன. மனிதன் ஆசி பெற்றது அடுத்த நாள். நம்மைவிட மூத்தவர்களின் வீட்டுக்கு விருந்தினராகச் செல்கிறோம்.

ரயிலில் கீழ்ப்படுக்கை பெரியவருக்கு. பாம்பன் வந்ததும் அவரை எழுப்பிவிட வேண்டும் என்று இளைஞர்கள் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.