முப்பது கிராம் நோயாளி

மதுரைக்காரர்களுக்குக் கிளி புதிதல்ல. மீனாட்சி அம்மனின் கையிலேயே ஒரு கிளி இருக்கிறது. கோயிலுக்குள் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் உண்டு. முன்பு அங்கே கூண்டுகளில் கிளிகளை வளர்த்து, அம்மனின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இப்போது மண்டபத்துக்குப் பெயர் மட்டும் நிற்கிறது. வீடுகளிலும் பச்சைக்கிளி வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. காலியான அந்த ஸ்தானத்தில் வந்து அமர்ந்தவர்தாம், கடைக்காரர்கள் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் சின்னஞ்சிறு விருந்தாளி.

பெயரே தவறு என்பது வேறு விஷயம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நாம் அப்படி அழைப்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் கூட்டங் கூட்டமாகப் பறக்கும் பட்ஜெரிகர். ஜான் கூல்டு என்ற பறவை நிபுணர் 1840-இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகத்துக் கூண்டுகளையெல்லாம் அது பிடித்துக்கொண்டது.

கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது நீல நிறம். மூக்கின் மேல் தோலும் நீலமாயிருந்ததால் ஆண் என்று தெரிந்தது. பேத்தி அதற்கு ‘மணி’ என்று பெயர் வைத்தாள். எங்கள் பேட்டையின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஹாரன், ஆம்புலன்ஸின் ஓலம், தர்காவுக்கு வருகிறவர்களின் கூட்டம், எல்லாவற்றோடும் போட்டி போட்டுக்கொண்டு மணி கத்தும். மார்கழியில் ஒரு நாள் காலையில் அதன் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பஞ்சு உருண்டை போல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. நல்ல பறவை ஒற்றைக் காலில் நின்று தூங்கும்; இது இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. இந்தச் சாதிக்கு ஒரு குணம்: நோயைக் காட்டிக்கொள்ளாது. கூட்டத்தில் நொண்டுகிற பறவையைத்தானே பருந்து முதலில் குறிவைக்கும்? ஆகவே கடைசி வரையில் சுகமாயிருப்பது போல் நடிக்கும். நடிப்பு நின்றுவிட்டது என்றால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

“இருநூறு ரூபாய்க்கு வேறே ஒண்ணு வாங்கிக்கலாமே, சார்?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாடி வீட்டு அம்மாள், “திறந்து விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்” என்றாள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த பறவைக்கு வைகைக் கரையில் எங்கே இரை, எங்கே கூடு? வாசலைத் திறந்த அரைமணியில் காக்கைக்குத்தான் புண்ணியம் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பேத்தியின் மடியில் வைத்து, ஆட்டோவில் ஏறினோம்.

டாக்டர் அம்மாள் முதலில் செய்த காரியம் எடை பார்த்தது. 35 கிராம் இருக்க வேண்டியது 27 கிராம் இருந்தது. மூச்சைக் கவனித்தார், எச்சத்தைப் பார்த்தார். “கிளிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறேன். 45 நாள், ஒரு நாள் கூடத் தவறக்கூடாது” என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “இது மனிதருக்கும் தொற்றும், சார். கூண்டின் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும். வீட்டில் நோயாளிகள் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

இருந்தாள். என் அக்காள். எழுபது வயதைத் தாண்டியவள். இருபது வருஷமாக இழுப்பு. மணியிடம் தினமும் மணிக்கணக்காகப் பேசுகிறவளும் அவள்தான்.

அன்று மாலை வீட்டில் பெரிய விவாதம். அக்காளின் மூச்சா, குருவியின் மூச்சா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பேத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அக்காளே தீர்த்து வைத்தாள். “மொட்டை மாடி ரூம்லே வையி, தம்பி. எனக்கோ படியேற முடியாது. நாப்பத்தஞ்சு நாள்தானே? கீழே இருந்தே குரல் கொடுக்கிறேன்.”

அப்படியே மாடி அறை ஆஸ்பத்திரியாயிற்று. கூண்டின் மூன்று பக்கமும் துணி. ஒரு ஓரத்தில், வெளியே, 40 வாட் குண்டு பல்பு. மதுரையில் வெப்பத்துக்குப் பஞ்சமா என்பீர்கள். அதன் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி செல்ஸியஸ். சாப்பிடாத பறவை அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதற்கே தன் சதையைக் கரைத்துவிடும். பல்பு ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால், சூடு அதிகமானபோது மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளும். தினையையும் தண்ணீரையும் எட்டும் தூரத்தில் வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். கொறிப்பதற்காகத் தொங்கவிட்டிருந்த கடல் நுரையையும் எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேரவிடாதாம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, எச்சக் காகிதத்தை ஈரமாக்கித்தான் எடுப்பேன். கீழே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்.

தர்காப் பக்கத்தில் புறா வளர்க்கும் பாய் ஒருவர் நல்ல பாடம் ஒன்று சொன்னார். “உமி கிடக்குதேன்னு ஏமாறாதீங்க, சார். சீக்குப் பட்ச்சி தானியத்தை உடைச்சு உடைச்சுக் கீழே போடும்; முழுங்காது. தராசைத்தான் நம்பணும்.” ஆகவே சமையலறைத் தராசு மாடிக்குப் போயிற்று. இரண்டாம் நாள் 27. மூன்றாம் நாள் 26.

அந்த மூன்றாம் நாள் இரவு உறக்கமில்லை. விடியுமுன் ஆஸ்பத்திரி எதிரே டீ குடிக்கப் போனேன். பழையவர்கள் இன்றும் எர்ஸ்கின் என்று சொல்கிற அரசு இராஜாஜி மருத்துவமனை எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. தென் ஜில்லாக்களின் துயரமெல்லாம் அந்த வாசலில் துண்டை விரித்துப் படுத்திருக்கும். டீக்கடை பெஞ்சில் ஒருவர், தாயாரைச் சேர்த்துவிட்டு ஆறு நாளாகக் காத்திருக்கிறாராம். “உங்களுக்கு யாருக்கு உடம்பு சரியில்லை, அண்ணே?” என்றார்.

அந்த இடத்தில் என்ன சொல்வது? வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னேன்: “ஒரு குருவி. பேத்தி வளர்க்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சாப்பிடுதா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“எங்கம்மாவும் நேத்துவரைக்கும் சாப்பிடலை. ராத்திரிதான் ரெண்டு கரண்டி கஞ்சி இறங்குச்சு. இறங்கிட்டாப் போதும், அண்ணே” என்றார்.

நான்காம் நாளும் 26. ஐந்தாம் நாள் 27. பத்தாம் நாள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை பிடித்தது. பதினைந்தாம் நாள் கீழேயிருந்து அக்காள் குரல் கொடுத்ததற்கு மாடியிலிருந்து பதில் வந்தது. நன்றாகத்தான் ஆகிவிட்டதே, மருந்தை நிறுத்தலாமா என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. அக்காளை நினைத்து ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. 45 நாளும் கொடுத்தோம்.

நாற்பத்தாறாம் நாள் எடை 34. டாக்டர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்தோம். பேத்தி கடல் நுரையைப் பழைய இடத்தில் கட்டினாள். மணி தலையைச் சாய்த்து அதை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு அலகை அதில் தேய்க்க ஆரம்பித்து, அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை.