கொல்லாம்பழமும் கஞ்சித்தண்ணியும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து விளைகளில் மாசி பங்குனி வந்தால் கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரிமரத்தின் அடி மணக்கும். அண்டி என்னும் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுவார்கள்; அது மண்ணில் கிடந்து புளிக்கும். எங்கள் அம்மை அதைப் பொறுக்கி வந்து சாறு பிழிந்து பாகு காய்ச்சுவாள். காய்ச்சும் முன் சாற்றில் வடித்த கஞ்சித்தண்ணியை ஊற்றுவாள். ஏன் என்றால், "காறல் போவும் மக்கா" என்பாள்.

பழச்சாற்றில் கஞ்சி ஊற்ற யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்? அதைத் தேடித்தான் பழைய நூல்களுக்குள் போனேன்.

மரம் பிரேசிலில் இருந்து வந்தது. ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவி 1550களின் இறுதியில் வெளியிட்ட பயண நூலில் ஒரு படம் உண்டு: ஒருவர் பழம் பறிக்க, இன்னொருவர் பெரிய பானைக்குள் சாறு பிழிகிறார். இன்று நாம் எறிகிற பழத்துக்குத்தான் அன்று மதிப்பு. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தாவின் 1563ஆம் ஆண்டு மூலிகை நூலில் இந்த மரம் இல்லை. 1578இல் கிறிஸ்டோவாவ் த கோஸ்தா கொச்சித் தோட்டங்களில் அதைக் கண்டு எழுதினார். நம் கரைக்கு மரம் வந்த காலத்தை இந்த இரண்டு நூல்களுக்கு நடுவில் தேடலாம்.

பிரேசிலிலும் காறல் காறல்தான். அங்கே சியாரா மாநிலத்து மருந்தாளரும் எழுத்தாளருமான ரொடோல்ஃபோ தியோஃபிலோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பானம் கஜுயீனா. சாற்றில் ஜெலட்டின் கலந்து தெளியவைத்து, குப்பியில் அடைத்து, வெந்நீரில் வேகவைப்பார்கள். 2014இல் பியாவி மாநிலத்தின் கஜுயீனாத் தயாரிப்பைப் பிரேசில் தன் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவுசெய்தது.

காறலுக்குக் காரணம் டானின். ஜெலட்டினோ மாவுச்சத்தோ சேர்ந்தால் அது திரண்டு அடியில் படியும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடக்கத்தற முந்திரி ஆராய்ச்சி நிலையமும் சவ்வரிசி, கஞ்சித்தண்ணீர் இரண்டையும் சொல்கிறது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பாலராமபுரம் சாலியர் தெருவில் நெசவுப் பாவுக்கும் கஞ்சிதான் போடுகிறார்கள். கஞ்சியின் குணம் தெரிந்த ஊர் இது. கடல் கடந்து வந்த பழத்தின் காறலை மாற்றியது சோறு வடித்த பெண்களின் கைதான் என்றே நான் நம்புகிறேன்.

பாகின் செய்முறை எளிது. விழுந்த அன்றே பழத்தைக் கழுவிப் பிழிய வேண்டும். நாள் கடந்தால் புளித்துவிடும். இரும்புப் பாத்திரம் கூடாது, சாறு கறுக்கும். ஆறிய கஞ்சித்தண்ணியைக் கலந்து, அசைக்காமல் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்தெடுக்க வேண்டும். ஒரு லிட்டர் சாற்றுக்கு இரண்டு கிலோ சீனி, 15 கிராம் சிட்ரிக் அமிலம். மெல்லிய தீயில் சீனி கரைந்ததும் நுரையை நீக்கி, வடிகட்டி, கொதிநீரில் சுத்தம்செய்து உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றலாம். குடிக்கும்போது ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீர்.