வாசல் எத்தனை அங்குலம்?

"தென்காசிக்குப் போறேன்" என்றதும் எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒரே உற்சாகம். "ஏனுங்க, குற்றாலத்துல தண்ணி விழுகுதுங்களா? எண்ணெய் டப்பா எடுத்துக்கிட்டீங்களா?" அருவிக்கு இல்லை, பக்கத்திலிருக்கும் ஆய்க்குடிக்கு என்றேன். நம்பினால்தானே!

வயல்வெளி, காற்று, முருகன் கோயில்... ஆய்க்குடிக்கு இதெல்லாம் உண்டு. அமர் சேவா சங்கமும் உண்டு. அதை ஆரம்பித்த எஸ்.ராமகிருஷ்ணன் இந்த ஊர்க்காரர். 1975-ல் இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வுக்கு பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே அசைவு போனது. அவருக்குச் சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர்தான் சங்கத்துக்கு. ஆரம்பித்தது 1981-ல், அது சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. 1992-ல் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் எஸ்.சங்கரராமன் வந்து சேர்ந்தார். அவருக்குத் தசைச் சிதைவு நோய். ஆக, நிர்வாகமே சக்கர நாற்காலியில்! ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த நாளில் இந்த மாதிரி இடங்களில் போலியோ பாதித்த பிள்ளைகள் நிறைய. இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியோடு சரி. பைக்கிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்து முதுகுத்தண்டு அடிபடுகிற இளைஞர்கள் மட்டும் குறையவில்லை. நேற்றுவரை நம்மோடு புட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்தான்.

இவர்களுக்கு நாள் விடிவதே தனிக் கணக்கு. படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்க வேண்டும். இல்லையென்றால் புண் வந்துவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதே ஒரு பாடம். அப்புறம் உடற்பயிற்சி. அதன்பிறகுதான் தையலோ, கம்ப்யூட்டரோ. உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஆபீஸர் வருகிறார், மரியாதைக்கு எழுந்திருக்கிறார்கள் என்று தோன்றும்!

தையல் என்றதும் என் திருப்பூர் புத்தி விழித்துக்கொண்டது. ஓவர்லாக் மெஷினில் மோட்டாரை ஓட்ட ஒரு பெடல், ஊசிக்குக் கீழே துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்க இன்னொன்று. ஒரு கால் நன்றாக இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு காலும் அசையாதவருக்கு? பெடலிலிருந்து ஒரு கம்பியை மேலே இழுத்து, முழங்கையால் அழுத்துகிற லீவராக்கிவிடலாம். லேத் பட்டறையில் ஒருநாள் வேலை. காது கேளாதவருக்கு அதுவும் வேண்டாம். நம் தையல் ஹாலில் ஓடும் சத்தத்தில் காது கேட்கிறவருக்கு மட்டும் என்ன கேட்கிறது?

இதையெல்லாம் அங்கே பேச்சுக் கொடுத்த ஒரு தம்பியிடம் ஆர்வமாக விளக்கினேன். இருபத்தி மூன்று வயது, சக்கர நாற்காலி. பீஸ் ரேட் எவ்வளவு, சனிக்கிழமை சம்பளம் கையில் வருமா என்று கேட்பான் என்று பார்த்தால்...

"அண்ணாச்சி, உங்க கம்பெனியில கக்கூஸ் வாசல் எத்தனை அங்குலம் இருக்கும்?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

"நாலஞ்சு மணிக்கு ஒருதரம் நான் டியூப் போட்டு யூரின் எடுக்கணும்லா. உள்ள போக முடியலேன்னா தண்ணி குடிக்காமத்தான் இருக்கணும். அப்படி இருந்தா கிட்னி போயிரும். மெஷினை நான் எப்படியும் பழகிருவேன் அண்ணாச்சி."

திருப்பூரில் ஒரு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு. அரசு வேலையில் நாலு சதவீத ஒதுக்கீடு 2016 சட்டத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஊர் திரும்பியதும் கட்டிங் மாஸ்டரின் டேப்பை வாங்கிப்போய் அளந்தேன். வாசல் 24 அங்குலம், முன்னால் ஒரு படி வேறு. சக்கர நாற்காலி அகலம் 25, 26 வரும். செக்கிங் டேபிளில் சிரிப்பு: "ஏனுங்க, கக்கூஸுக்கும் பேன்ட் தைக்கறீங்களா?"

முதலாளியிடம் சொன்னேன். "இடிச்சுக் கட்ட எவ்வளவு ஆகும்?" என்றார்.

கொத்தனார் நாளைக்கு வருகிறார்.