பாவா ஆதம் மலையின் நிழல்



மஸ்கெலியாவில் விடிய வானம் தெளிந்திருந்தால் மலை தெரியும். 2243 மீற்றர். எங்கட வீடுகளில் பாவா ஆதம் மலை, எங்கட மாணவர்களின் லயங்களில் சிவனொளிபாத மலை, சிங்களவருக்கு ஸ்ரீ பாத. மேலே போகிற எல்லாரும் கிழக்கே சூரியனைப் பார்க்கிறார்கள். அந்த நேரம் மேற்கே மலையின் நிழல் முக்கோணமாக, கோடு கீறியது போல விழுந்து கிடக்கும்.

தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களிடம், ஒளிப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மலை அவ்வளவு நேரா இல்லையே, நிழல் மட்டும் எப்படி? சாமி செய்றதுன்னு அப்பாயி சொல்லுது."

ஹட்டன் ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கச் சொன்னோம். இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒட்டுகிற மாதிரித் தெரியும், உண்மையில் ஒட்டுவதில்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது நிழல் பல மைல் நீளும். அதன் இரண்டு ஓரமும் கண்ணுக்குத் தூரத்தில் கூடித் தெரியும். உச்சி தட்டையான மலைக்கும் இப்படித்தான். கீழே பனிமூட்டம் இருந்தால் நிழல் அதில் விழுந்து, எழும்பி நிற்பது போலத் தோன்றும். 1880களில் ஆபர்குரோம்பி என்ற வானிலை ஆய்வாளர் இந்த நிழலைப் பார்க்கவென்றே ஏறியிருக்கிறார்.

"அப்ப சாமி இல்லியா சேர்?"

வகுப்பு முழுக்க எங்களைப் பார்த்தது. ஒரு முஸ்லிம் வாத்தியார் "இல்லை" என்று சொன்னால் அது லயத்துக்குப் போய்ச் சேரும்போது வேறு கதையாகியிருக்கும். நிழல் எப்படி விழுகிறது என்பதைத்தான் பாடம் சொல்கிறது, அப்பாயி சொல்வது வேறு விசயம் என்றோம். பிறகு இப்னு பதூதாவைச் சொன்னோம். 1344இல் மொரோக்கோக்காரர் ஒருவர் புத்தளத்தில் இறங்கி, ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். தமிழ் மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி துணைக்கு நாலு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் அனுப்புகிறான்! ஏறும் வழியில் பத்துச் சங்கிலி இருந்ததாம். கடைசிச் சங்கிலிக்குப் பெயர் கலிமாச் சங்கிலி: கீழே பார்த்த பயத்தில் எல்லாரும் கலிமா சொல்லிவிடுவார்களாம். "நாங்க முருகான்னு கத்துவோம்" என்றான் ஒருவன்.

அந்தப் பாதத்துக்கு ஆதாரம் என்ன என்று எங்கட ஆட்களிலும் கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான், குர்ஆனில் அந்த இடத்தின் பெயர் இல்லை. ஆனால் நிழல் நீட்டப்படுவதைக் கவனிக்கச் சொல்லும் வசனம் சூறா ஃபுர்கானில் இருக்கிறது. சூரியன் நிழலுக்கு வழிகாட்டி என்றும் அதிலேயே வருகிறது. தபக்குர் என்று நாங்கள் மதரசாவில் கேட்ட சொல்லுக்கு, பதுளைக்கும் ஹட்டனுக்கும் அலைந்த இத்தனை வருசத்தில் இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பர் போயாவுக்கு சீசன் தொடங்கும். போகிறவர்கள் சூரியன் எழும்பின கையோடு மேற்குப் பக்கம் திரும்புங்கள். நேரம் கொஞ்சம்தான், சூரியன் ஏற ஏற நிழல் அடிவாரத்துக்கு இழுபட்டுப் போய்விடும். சுவெட்டரை மறக்க வேண்டாம்.